பெயர் நம்முடையது, வடிவம் யாருடையது?
கட்டுமரத்திலிருந்து இரட்டைப் பந்தயப் படகு வரை: வகுப்பறையில் ஒரு வடிவமைப்புப் பயணம்

சென்ற ஆண்டு வானவில் மன்றப் பாடவேளை ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பந்தயப் படகின் படத்தைக் காட்டினேன். ஒல்லியான இரண்டு படகுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவே குறுக்குச் சட்டங்களால் இணைத்து, மேலே பெரிய பாய் கட்டியிருந்தது. “இதற்குக் கேட்டமரான் என்று பெயர். நம்முடைய கட்டுமரம் என்ற சொல்தான் கடல் கடந்து போய் இப்படி மாறியிருக்கிறது” என்றேன். வகுப்பு கைதட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள். “சார், கட்டுமரம்னா மரத்த ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டுறது. இதுல ரெண்டும் தனித்தனியா தள்ளி நிக்குது. இது எப்படி சார் கட்டுமரம் ஆகும்?”

அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. “நாளை சொல்கிறேன்” என்று சொல்லித் தப்பித்தேன். அந்த ‘நாளை’ வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் நான் கற்றதையும், அதை வகுப்பறைச் செயல்பாடாக மாற்றிய விதத்தையும் ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

சொல்லின் கதை

சோழமண்டலக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. கரையோரம் அலை உடைந்து சுருண்டு விழும். குழிவான படகு அந்த அலையில் நீர் நிறைந்து மூழ்கிவிடலாம். கட்டுமரத்துக்கு அந்தக் கவலை இல்லை. மேலே விழும் நீர் மரங்களின் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும். நிரம்புவதற்கு அதில் குழியே கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்திக்கொள்ளலாம். எடை குறைந்த மரங்களே இதற்கு ஏற்றவை. இன்று தமிழ்நாடெங்கும் தோட்டங்களில் வளர்க்கும் மலைவேம்பும் அவற்றுள் ஒன்று.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், கட்டுமரங்களைப் பற்றித் தம் பயண நூலில் எழுதினார். சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நாளடைவில், வேறு கடல்களில் கண்ட பலவகை மிதவைகளுக்கும் ஐரோப்பியர் அதே சொல்லைப் பயன்படுத்தினர்.

இரண்டு உடல்களைத் தள்ளி வைத்து இணைக்கும் வடிவம் பசிபிக் பெருங்கடல் தீவுகளில் வாழும் பாலினேசிய மக்களின் மரபு. இரட்டைத் தோணிகளில் பாய் விரித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்தவர்கள் அவர்கள். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரெஷாஃப் 1876இல் ‘அமரிலிஸ்’ என்ற இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி, பெரிய படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளினார். அதன்பின் இத்தகைய படகுகள் வழக்கமான பந்தயங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. அவற்றுக்கு நிலைத்த பெயர்தான் கேட்டமரான்.

ஆக, மாணவி கேட்டது சரியான கேள்வி. பெயர் தமிழ்க் கரையினுடையது. வடிவம் பசிபிக் தீவுகளினுடையது. இதைச் சொன்னதால் வகுப்பில் யாருடைய பெருமையும் குறையவில்லை. சான்றுள்ள பெருமை கேள்விக்குத் தாங்கும் என்பதை மாணவர்கள் கண்டார்கள். அடுத்த கேள்வி தானாக வந்தது: “ஒரே படகைப் பெரிசா செஞ்சா ஆகாதா சார்? எதுக்கு ரெண்டு?”

எதற்கு இரண்டு?

கல்வராயன் மலைப் பாதையில் பேருந்தில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். வளைவு வரும்போது கால்களை அகட்டி வைத்தால்தான் நிற்க முடியும். படகுக்கும் அப்படித்தான். பாயில் காற்று மோதினால் படகு சாயும். சாயாமலிருக்க அகலம் வேண்டும்.

ஒற்றை உடல் படகு, தன் உடலையே அகலமாக்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அகலமான உடல் தண்ணீரை இரு பக்கமும் பெரிதாகத் தள்ள வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. இரட்டைப் படகில் உடல் ஒல்லியாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அகலம் தரும். உடலைப் பருமனாக்காமல் காலை அகட்டிக்கொள்வதைப் போன்றது இது. ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை இடம்பெற்ற ‘டொர்னாடோ’ வகைப் படகு 6.1 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த 3 மீட்டரில் பெரும்பகுதி வெற்றிடம்தான்.

படகைத் தடுக்கும் இரண்டு தடைகள்

படகை நீர் இரண்டு வழிகளில் தடுக்கிறது. ஒன்று உராய்வுத் தடை. நீரில் நனையும் பரப்பு கூடக்கூட இது கூடும். மற்றொன்று அலைத் தடை. படகு நகரும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. அதை எழுப்பச் செலவாகும் ஆற்றல் படகின் வேகத்திலிருந்து கழிகிறது.

அலைத் தடையில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. ஆழமான நீரில், அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மீட்டரில் அலைநீளத்தின் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை மீட்டர் என வேகம் கிடைக்கும். 6 மீட்டர் நீளமுள்ள படகு எழுப்பும் அலையும் 6 மீட்டர் நீளமாகும்போது வேகம் வினாடிக்கு 3.06 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். அப்போது படகின் முன்முனை ஓர் அலை முகட்டிலும் பின்முனை அடுத்த முகட்டிலும் இருக்கும். இன்னும் வேகம் எடுக்க முயன்றால் பின்முனை அலைப்பள்ளத்தில் இறங்கிவிடும். படகு தான் எழுப்பிய அலைமேட்டின் மீது தானே ஏறப் பார்க்கும். பாரம் ஏற்றிய கரும்பு வண்டி மேட்டில் திணறுவதைப் போன்ற நிலை அது. கனமான, பருத்த படகுகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும்.

ஒல்லியான உடல் எழுப்பும் அலை மிகச் சிறியது. ஏற வேண்டிய மேடு சிறியதாகவே இருப்பதால், மணிக்கு 11 கிலோமீட்டர் என்ற தடையை அது எளிதில் தாண்டிவிடுகிறது. நல்ல காற்றில் டொர்னாடோ இதைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்லும்.

ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் அடிப்படை. ஓர் உடல் சுமக்க வேண்டிய எடையை இரண்டு உடல்களுக்குப் பகிர்ந்தால் அலைத் தடை குறையும். நனையும் பரப்போ கூடிவிடும். குறுக்குவெட்டு அரைவட்டம் என்று கொண்டால், ஒரே நீளத்தில், இரண்டு சிறிய அரைவட்டங்களின் மொத்த வில்நீளம் ஒரு பெரிய அரைவட்டத்தின் வில்நீளத்தைப்போல் √2 மடங்கு. அதாவது 41 விழுக்காடு கூடுதல். அதனால்தான் மெல்லிய காற்றில் இரட்டைப் படகு மந்தமாகவும், காற்று வலுத்தால் பாய்ச்சலாகவும் ஓடுகிறது.

அளவியல் பாடத்தில் ஒரு படகு

குறுக்குவெட்டு எந்த வடிவில் இருந்தால் நனையும் பரப்பு குறையும்? பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்கள் இதை ஒரு பயிற்சியாகவே தரலாம். நீருக்குள் இருக்கும் குறுக்குவெட்டின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டி வடிவத்தில் நனையும் விளிம்பு 40 செ.மீ.
அடியில் செங்கோணமாகக் கூடும் கூர்வடிவத்தில், பக்கத்துக்கு 20 வீதம் 40 செ.மீ.
அரைவட்டத்தில் ஏறத்தாழ 35.4 செ.மீ.

அரைவட்டம் வெல்கிறது. இலகுவான பந்தயப் படகுகள் பலவற்றின் அடிப்பகுதி உருண்டு இருப்பதன் காரணம் இதுதான்.

இப்போது எடையைக் கொண்டுவருவோம். படகு, பாய், இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்த்து 300 கிலோ என்றால், மிதத்தல் விதிப்படி 300 லிட்டர் நன்னீரை விலக்க வேண்டும். ஓர் உடலுக்கு 150 லிட்டர். 6 மீட்டர் நீளத்தில் பகிர்ந்தால் சராசரிக் குறுக்குவெட்டு 250 சதுர செ.மீ. அரைவட்டமாகக் கொண்டால் அகலம் சுமார் 25 செ.மீ. மட்டுமே! நடுப்பகுதி இதைவிடச் சற்று அகன்றும் முனைகள் குறுகியும் இருக்கும். ஆறு மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம்: ஒல்லி என்றால் இவ்வளவு ஒல்லி.

எடை 60 கிலோ கூடினால் ஒவ்வொரு உடலும் நீரில் இன்னும் ஆழ்ந்து அமர வேண்டும். அதே அரைவட்ட வடிவில் நனையும் விளிம்பு சுமார் 10 விழுக்காடு கூடும். அலையும் பெரிதாகும். ஆகவேதான் பந்தயப் படகில் ஒவ்வொரு கிலோவும் எண்ணப்படுகிறது. ஒருவர் மட்டும் ஓட்டும் ‘ஏ கிளாஸ்’ வகைப் படகு 5.49 மீட்டர் நீளம் கொண்டது. விதிப்படி அதன் குறைந்தபட்ச எடை 75 கிலோ, ஏறக்குறைய ஓட்டுபவரின் எடைதான்!

முனையும் முதுகும்

மீனவர்கள் படகின் முன்பகுதியை அணியம் என்பார்கள். கூர்மையான அணியம் அலையை எளிதாக வெட்டும். ஆனால் பலத்த காற்று பாயைத் தள்ளும்போது அணியம் நீருக்குள் அழுந்தும். மிக ஒல்லியான அணியத்துக்கு அதைத் தாங்கும் மிதப்பு இருக்காது. மூக்கு குத்தி, படகே குட்டிக்கரணம் போட்டுவிடும். எனவே அணியம் நீரை வெட்டும் அளவுக்கு மெலிந்தும், அழுந்தினால் மேலே எழும்பும் அளவுக்குக் கொள்ளளவு உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது அடிவளைவு. பக்கவாட்டில் பார்த்தால் படகின் அடி வாழைப்பழம்போல் வளைந்திருக்கலாம், நேர்கோடாகவும் இருக்கலாம். வளைவு கூடினால் எளிதாகத் திரும்பும். வளைவு குறைந்தால் நேராக ஓடும், வேகமும் கூடும்.

கடற்கரை மணலிலிருந்தே கிளம்பி மணலிலேயே வந்து ஏறும்படி அமைந்த ‘ஹோபி 16’ படகைப் பாருங்கள். பக்கவாட்டில் நழுவாமலிருக்க மற்றப் படகுகள் அடியில் ஒரு பலகையை இறக்கும். மணலில் அந்தப் பலகை இடிக்கும். அதனால் ஹோபி 16இல் உடலையே ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைவாகவும் அமைத்தார்கள். அந்த உடலே பலகையின் வேலையையும் செய்துவிடுகிறது. துறைமுகமில்லாத கரைக்காக நம் முன்னோர் கட்டுமரத்தை வடிவமைத்ததும் இதே சிந்தனையால்தான். வடிவங்கள் வேறு, “எந்தக் கரை, எந்த வேலை?” என்ற கேள்வி ஒன்றுதான்.

கடலில்லாத ஊரில் ஓர் இழுவைத் தொட்டி

2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. எங்கள் மாணவர்களுக்குத் தெரிந்த நீர் என்றால் கோமுகி அணை, மலையில் மேகம் அருவி, பெரியார் அருவி, வயலில் பம்புசெட் தொட்டி. அந்தத் தொட்டியே போதும்.

தேவையானவை: 75 மி.மீ., 110 மி.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய்கள், தகரத் துண்டு, ஒட்டுப் பசை, மூங்கில் குச்சிகள், நூல், சிறு கப்பி, எடைக்கற்கள், நிறுத்துக் கடிகாரம்.

குழாய்களை 60 செ.மீ. நீளத்தில் நறுக்கி நீளவாக்கில் பிளந்தால் அரைவட்ட உடல்கள் தயார். 110 மி.மீ. பாதி ஒன்று, 75 மி.மீ. பாதிகள் இரண்டு. இரண்டு சிறிய பாதிகளின் கொள்ளளவு ஒரு பெரிய பாதிக்கு ஏறத்தாழ நிகர் என்பதை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். முனைகளில் தகரத்தைக் கூராக மடித்து ஒட்டி நீர் புகாமல் அடைக்க வேண்டும். சிறிய பாதிகள் இரண்டையும் 25 செ.மீ. இடைவெளியில் மூங்கில் குச்சிகளால் பிணைத்தால் இரட்டைப் படகு. குழாயை ஆசிரியரோ ஊர்க் குழாய் வேலைக்காரரோ அறுத்துத் தருவது நல்லது.

முதல் சோதனை, சாய்வு. ஒவ்வொரு படகிலும் ஒரு குச்சியை நட்டு, உச்சியில் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எது முதலில் கவிழ்கிறது?

இரண்டாவது, ஓட்டம். இரண்டு படகுகளிலும் கற்கள் வைத்து மொத்த எடையைச் சரியாக 2 கிலோ ஆக்குங்கள். அணியத்தில் நூல் கட்டி, தொட்டியின் மறுமுனையில் உயரமான கம்பத்திலுள்ள கப்பியின் மீது விட்டு, நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். கல் இறங்க, படகு ஓடும். தொட்டி 3 மீட்டர் இருந்தால் முதல் மீட்டர் வேகமெடுக்க, இரண்டாவது மீட்டர் நேரம் குறிக்க, மூன்றாவது நிற்க. 20 கிராமில் தொடங்கி 50, 100, 150 என்று இழுக்கும் எடையைக் கூட்டுங்கள். ஒவ்வோர் எடைக்கும் மூன்று முறை ஓட்டிச் சராசரி காணுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு நீர் அடங்கும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் பழைய அலை புதிய முடிவைக் கெடுத்துவிடும்.

எது வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். மாணவர்கள் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். “எல்லா வேகத்திலும் ஒரே படகுதான் வெல்கிறதா?” என்ற கேள்வி மட்டும் கரும்பலகையில் இருக்கட்டும்.

மூன்று படகுகளை வெவ்வேறு எடையில், வெவ்வேறு நூலில் ஓட்டிவிட்டு “இதுதான் வேகம்” என்று தீர்ப்புச் சொல்லும் குழுக்கள் உண்டு. அவர்களைத் திருத்தாமல் மற்றக் குழுக்களைக் கேள்வி கேட்க விடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைப்பதே நியாயமான சோதனை என்பது அந்த வாக்குவாதத்தில் பதிவதுபோல் பாடநூல் வரியில் பதியாது.

அன்னமும் அண்டங்காக்கையும்

இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் 1867இல் இப்படித்தான் தொடங்கினார். 3, 6, 12 அடி நீளங்களில் இருவகை மாதிரிகள் செய்தார். கூர்முனை கொண்டதற்கு அண்டங்காக்கை, மழுங்கிய முனை கொண்டதற்கு அன்னம் என்ற பொருளில் பெயர்கள். கூரானதே எப்போதும் வெல்லும் என்பது அந்நாளைய நம்பிக்கை. டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்தபோது குறைந்த வேகத்தில் அண்டங்காக்கையும், வேகம் கூடியபோது அன்னமும் வென்றன. எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே வடிவம் இல்லை என்று தெரிந்தது.

மாதிரிக்கும் உண்மைப் படகுக்கும் உள்ள உறவையும் அவரே வகுத்தார். நீளம் பத்து மடங்கானால், ஒத்த அலையை எழுப்பும் வேகம் √10, அதாவது 3.16 மடங்கு. நம் 60 செ.மீ. மாதிரி வினாடிக்கு 0.97 மீட்டர் ஓடும்போது எழும் அலைக்கோலம், 6 மீட்டர் படகு 3.06 மீட்டர் வேகத்தில் எழுப்பும் கோலத்தை ஒத்தது. 1872இல் டார்க்கி நகரில் அவர் அமைத்த இழுவைத் தொட்டியின் வழியில்தான் இன்றும் கப்பல் மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையிலும் அத்தகைய நீண்ட தொட்டி இருக்கிறது. வர்க்கமூலம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

தொடக்க வகுப்புகளுக்கு

சிறு குழந்தைகளுக்குக் குழாயும் கப்பியும் வேண்டாம். இரண்டு தென்னம்பாளைகளும் ஓர் அகன்ற தட்டும் போதும். ஒரு பாளையில் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வைத்துக் கவிழும்வரை எண்ணட்டும். பிறகு இரண்டு பாளைகளைக் குச்சியால் இணைத்து மீண்டும் எண்ணட்டும். எண்ணுதல், ஒப்பிடுதல், ‘அகலம்’, ‘ஒல்லி’, ‘மிதக்கும்’, ‘கவிழும்’ என்ற சொற்கள் எல்லாம் ஒரே விளையாட்டில் வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: செயல்பாடு பெரிய தட்டிலோ முழங்கால் அளவு நீருள்ள தொட்டியிலோ மட்டுமே நடக்க வேண்டும். எந்த நிலையிலும் மாணவர்களைக் கிணறு, ஏரி, மலை ஓடைப் பக்கம் அழைத்துச் செல்ல வேண்டாம். மலையில் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையைப் பெருக்கிவிடும்.

கடல் பார்க்காதவர்களுக்கு எதற்கு?

“நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் படகு எதற்கு?” என்று ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் கேட்டார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் பாய்மரப் படகு வீரராகி, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்றதைச் சொன்னேன். வேலூரிலும் கடல் இல்லை.

ஆனால் என் உண்மையான பதில் வேறு. முதல் நாள் கைதட்டிய மாணவர்கள் ஒரு சொல்லை மட்டும் தெரிந்துகொண்டார்கள். தொட்டிக்குப் போய்வந்த பிறகு, ஒரு வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கக் கற்றார்கள். அந்த மாணவி இப்போது ஊருக்குப் போனால் முறத்தின் வளைவையும் ஏர்க்கலப்பையின் கொழுமுனையையும் பார்த்து “இது ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்கிறாளாம். அவளுடைய அப்பா சிரித்துக்கொண்டே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

உங்கள் வகுப்பிலும் ஒரு கை உயரும். பதில் தெரியாவிட்டால் “நாளை சொல்கிறேன்” என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்த நாளையைத் தேடி மாணவர்களோடு சேர்ந்து தொட்டிக்குப் போங்கள்.